ரத்தம் எடுத்த அன்றே அனுப்பி வையுங்கள்

மதிப்பிற்குரிய மாவட்ட மருத்துவமனை இயக்குநர் அவர்களுக்கும் ஆய்வுக்கூடப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

என் தங்கை மகனின் ரத்தத்தைத் தலைநகர ஆய்வுக்கூடம் மூன்றாவது முறையாக நிராகரித்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை உங்கள் முகப்பில் நின்று, "அடுத்த மாதம் மறுபடி எடுக்கலாம்" என்ற பதிலைக் கேட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். பையனின் கோப்பு உங்களிடம் இருக்கிறது. 22-ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லை, பிறந்த நான்காம் நாள் கால்சியம் குறைந்து வலிப்பு வந்தது, இதயத்தில் ஓட்டை, எக்ஸ்ரேயில், நோய் எதிர்ப்பு செல்களைப் பழக்கி அனுப்பும் நெஞ்சுப் பகுதி உறுப்பான தைமஸின் நிழல் தெரியவில்லை. எல்லாம் நீங்கள் அறிந்ததே, விளக்கத் தேவையில்லை.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். டி செல்களை, அதாவது தைமஸில் தேறி வரும் நோய் எதிர்ப்பு செல்களை, எண்ணிப் பார்க்க அவனிடம் எடுக்கும் ரத்தத்தை எடுத்த அன்றே தலைநகர் வண்டியில் ஏற்றுங்கள்.

முதல் முறை குப்பிக்குள்ளேயே ரத்தம் உறைந்துவிட்டது. சரி, குழந்தைக்கு நரம்பு கிடைப்பது கஷ்டம், சொட்டுச் சொட்டாக எடுத்தால் அப்படி ஆகும் என்று விட்டுவிட்டோம். இரண்டாம் முறை யாரோ நல்லெண்ணத்தில் ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டார்கள். இந்தச் சோதனைக்கான ரத்தம் அறை வெப்பத்தில்தான் இருக்க வேண்டும், குளிரில் வைக்கக் கூடாது. மூன்றாம் முறை நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று வியாழக்கிழமை. என் தங்கை விடியற்காலை நாலரைக்கே எழுந்து, பிள்ளையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு, தோட்டத்துச் செம்மண் சாலையில் நடந்து வந்து முதல் பேருந்தைப் பிடித்தாள். ஏழு மணிக்கே எண் வாங்கியாகிவிட்டது. டாக்டர் பார்த்தபோது பத்தரை. ரத்தம் எடுக்கக் கூப்பிட்டபோது பதினொன்றரை. இரண்டு மிஸ்ஸிகள், அதாவது தாதிகள், பிடித்துக்கொள்ள, வலது கையில் இரண்டு முறை, இடது கையில் ஒரு முறை, கடைசியில் பாதத்தில் குத்தி எடுத்தார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒருவர் கண்கலங்கிவிட்டார். ஆனால் தலைநகருக்குப் போகும் வண்டி காலை ஒன்பதுக்கே போய்விட்டிருந்தது. அவன் அப்படி அழுது கொடுத்த ரத்தம் அன்று முழுக்க மேசையில் கிடந்தது. வெள்ளிக்கிழமை வண்டியில் போய் அது சேர்ந்தபோது 24 மணி நேரம் தாண்டிவிட்டது. 24 மணி நேரத்துக்குள் சேர வேண்டும் என்ற தாள் உங்கள் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது, ஐயா. நானே படித்தேன்.

அவன் இப்போது ஊதா மூடி போட்ட குப்பியைப் பார்த்தாலே அழுகிறான். எட்டு மாதக் குழந்தை.

ஒரு குப்பி ரத்தம்தானே, மறுபடி எடுத்தால் போகிறது என்று தோன்றலாம். அந்தக் குப்பியில் எதைத் தேடுகிறோம் என்று சொல்கிறேன். நான் இதே ஊரில் இடைநிலைப் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். என் தங்கைக்கும் இதையேதான் சொன்னேன். அவள் செம்பனைக் கன்று நாற்றங்காலில் வேலை செய்பவள். கோணலாக வளர்ந்த கன்றையும் வாடிய கன்றையும் கழித்துவிட்டு, தேறியதை மட்டும் வயலுக்கு அனுப்புவது அவள் தினசரி வேலை. "உன் நாற்றங்கால் மாதிரித்தாம்மா தைமஸும்" என்றதும் பிடித்துக்கொண்டாள்.

எலும்பு மஜ்ஜையிலிருந்து இளம் செல்கள் ரத்தத்தோடு வந்து, தைமஸின் புறப்பகுதியும் உட்பகுதியும் சேரும் எல்லையில் இறங்குகின்றன. அங்கிருந்து வெளிவிளிம்பை நோக்கி நகர்கின்றன. போகிற வழியில் ஒவ்வொன்றும் தன் மரபணுத் துண்டுகளை வெட்டி ஒட்டித் தனக்கென ஓர் ஏற்பியை, அதாவது மற்றவற்றைத் தொட்டு அடையாளம் காணும் புரதத்தை, செய்யத் தொடங்குகிறது. பிறகு உள்நோக்கித் திரும்புகின்றன. புறப்பகுதியில் முதல் சோதனை. உடலின் சொந்த அடையாளத்தோடு கொஞ்சமாவது பொருந்தாத செல் மூன்று நான்கு நாளில் தானாகவே மடிகிறது. பொருந்திய செல், சிசிஆர்7 என்ற இன்னொரு ஏற்பியை வளர்த்துக்கொண்டு, உட்பகுதியிலிருந்து வரும் வேதிக் குறிப்பைப் பிடித்து அங்கே விரைகிறது. அதுவரை இங்கும் அங்கும் அலைந்த செல் அந்த நேரத்தில் வேகமெடுத்து உள்ளே நகர்வதை எலியின் தைமஸில் படமே பிடித்திருக்கிறார்கள்.

உட்பகுதியில்தான் கடுமையான சோதனை. அங்குள்ள செல்கள் ஏ.ஐ.ஆர்.இ. என்ற மரபணுவின் துணையோடு உடம்பின் பல உறுப்புகளின் புரதங்களைத் தாங்களே செய்து காட்டுகின்றன. கணையத்துக்குரிய இன்சுலின்கூட அங்கே கொஞ்சம் உண்டாகிறது. அதைப் பகையாக நினைத்து இறுகப் பற்றும் செல் பெரும்பாலும் கழிக்கப்படுகிறது. இரண்டையும் கடந்து ரத்தத்துக்குள் வருபவை நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. 1961-இல் ஜாக் மில்லர், பிறந்த எலிக்குட்டிகளின் தைமஸை அகற்றிப் பார்த்து இதன் அருமையைக் காட்டும்வரை, இதைப் பெரிய வேலையில்லாத உறுப்பு என்றுதான் நினைத்திருந்தார்கள்.

அப்படித் தேறி வந்த டி செல்கள் என் மருமகனின் ரத்தத்தில் இருக்கின்றனவா, எத்தனை இருக்கின்றன என்பதுதான் கேள்வி. எக்ஸ்ரேயில் நிழல் இல்லை என்பதாலேயே தைமஸ் அறவே இல்லை என்று ஆகிவிடாது. சிறிதாகக் கழுத்துப் பக்கம் ஒதுங்கியிருந்தும் வேலை செய்யலாம். இந்த மரபணுக் குறை உள்ள குழந்தைகளில் தைமஸ் முற்றிலும் இல்லாதவர்கள் மிகச் சிலரே. எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். செத்த செல்களை எண்ணி என்ன பயன்?

அடுத்த மாதம் அவனுக்கு ஒன்பது மாதம் முடிகிறது. தட்டம்மைக்கான எம்.எம்.ஆர். ஊசி போட வேண்டிய வயது. அது உயிருள்ள கிருமியை வலுக்குறைத்துச் செய்த மருந்து. டி செல் போதுமான அளவு இருந்தால் போடலாம், இல்லாவிட்டால் அந்த ஊசியே ஆபத்து. போடாமல் விட்டாலோ, தட்டம்மை வந்தால் இவன் தாங்குவானா? கிளினிக்கில் ஊசிப் புத்தகத்தை விரித்து, "ரிசல்ட் எங்கே?" என்று கேட்கிறார்கள். என் தங்கை ஒவ்வொரு முறையும் தலைகுனிந்து நிற்கிறாள், ஏதோ அவள் செய்த தவறு போல.

அவளுக்கு நாள் சம்பளம். உங்களிடம் வரும் ஒவ்வொரு நாளும் அது போகிறது. முன்பு இந்தத் தோட்டங்களில் பால்மரம் (ரப்பர்) இருந்த காலத்தில், டிரெஸ்ஸர் என்ற மருத்துவ உதவியாளர் ஒருவராவது தொழிலாளர் லயத்துக்குப் பக்கத்தில் இருந்தார். செம்பனை வந்தது, ஆட்கள் குறைந்தார்கள், தோட்டத்து மருந்தகமும் மூடியது. இன்று கண் அறுவைக்குக் காத்திருக்கும் கிழவரும் சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு வரும் அம்மாவும் அதே முதல் பேருந்தில்தான் நின்றுகொண்டு வருகிறார்கள். நல்ல இயந்திரம் எல்லாம் தலைநகரில் இருக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? எங்கள் உடம்பிலிருந்து எடுத்ததையாவது நேரத்துக்கு அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கக் கூடாதா? தூரத்தில் பிறந்தது அந்தக் குழந்தையின் குற்றமா?

மன்னிக்கவும். கோபத்தில் வேறெங்கோ போய்விட்டேன். உங்கள் ஆட்பற்றாக்குறையும் எனக்குத் தெரியும்.

பணிவோடு கேட்கிறேன். இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு டாக்டரைப் பார்க்கும் முன்பே, காலை எட்டு மணிக்குள் ரத்தம் எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். ஐஸ் வேண்டாம் என்று குப்பியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். எடுத்த அன்றே ஒன்பது மணி வண்டியில் ஏற்றுங்கள். அடுத்த மாதம் வரை தள்ளாமல் வருகிற திங்கட்கிழமையே எங்களுக்கு ஒரு தேதி கொடுங்கள். இந்த முறை பேருந்துக்கு நிற்க மாட்டோம், என் காரிலேயே அழைத்து வருகிறேன். ஏழு மணிக்கு உங்கள் வாசலில் இருப்போம்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் ஒரு தாய்மாமன்