இடிக்கும் முன்னர் அளந்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

2009 இல் போர் முடிந்ததிலிருந்து யாழ்ப்பாண நகர மையத்தில் எழுந்துவரும் கட்டடங்களைப் பற்றிப் பேசும்போது, எத்தனை மாடி, யாருடைய நிதி, என்ன பெயர் என்பவற்றையே நாம் திரும்பத் திரும்பப் பேசுகிறோம். அவற்றுக்கு இடம்விட்டு மறைந்துபோகும் பழைய வீடுகளையும் கடைகளையும் பற்றிய பேச்சு அரிதாகவே எழுகிறது.

1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்ட பொது நூலகம் பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழுந்தது. 1990 முற்றுகையில் சிதைந்த ஒல்லாந்தர் கோட்டையின் மதில்கள் நெதர்லாந்தின் உதவியோடு திருத்தப்பட்டன. கோட்டைக்குள் இருந்த 1706 ஆம் ஆண்டுத் தேவாலயம் மட்டும் இன்னும் இடிபாடாகவே கிடக்கிறது. எனினும் இவற்றின் உருவத்தைக் காட்டப் படங்களும் வரைபடங்களும் உண்டு. பிரதான வீதியில் முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்ட வீடுகளுக்கோ, பெரியகடைப் பக்கத்துப் பழைய கடைகளுக்கோ, நடுவில் முற்றம் வைத்த நாற்சார வீடுகளுக்கோ பெரும்பாலும் அவை இல்லை. எனது பாட்டனார் பிறந்த நாற்சார வீடு விற்கப்பட்டு ஒரே வாரத்தில் தரைமட்டமானது. அதன் முற்றம் எத்தனை அடி என்று இன்று கேட்டால் எங்கள் குடும்பத்தில் விடை சொல்ல ஒருவரும் இல்லை.

போலந்தின் தலைநகரான வார்சோவை 1944 எழுச்சிக்குப் பின்னர் ஜெர்மானியப் படைகள் தெருத் தெருவாக எரித்தும் வெடிவைத்தும் அழித்தன. அதன் பழைய நகரத்தைப் பெருமளவு முன்பிருந்தவாறே கட்ட முடிந்ததற்கு, பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியர் பெலோட்டோ தீட்டிய நகரக் காட்சிகளைவிட, அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மாணவர்களும் ஆசிரியர்களும் ஒவ்வொரு கட்டடமாக அளந்து வரைந்த தாள்களே பெரிதும் உதவின என்று நான் கருதுகிறேன். ஆக்கிரமிப்புக் காலத்தில் அந்தத் தாள்கள் நகரத்துக்கு வெளியே கொண்டு செல்லப்பட்டு, பியோட்ர்கூஃப் நகரின் ஒரு மடாலயத்தில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. கட்டியவர்கள் எல்லாவற்றையும் பழையபடி கட்டவில்லை என்பதும் உண்மையே: முகப்புகளுக்குப் பின்னால் புதிய குடியிருப்புகளை அமைத்தார்கள், வெளிச்சத்துக்காக நெருக்கமான பின்கட்டுகளைத் தவிர்த்தார்கள். ஆனால் எதை விடுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1980 இல் யுனெஸ்கோ அந்தப் பழைய நகரத்தை உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

உரிமையாளர்கள் இடிக்கவே கூடாது என்று நான் கேட்கவில்லை. ஒழுகும் கூரையின் கீழ் மரபுக்காக வாழுமாறு எவரையும் வற்புறுத்த முடியாது. பழைய கட்டடம் ஒன்றை இடிக்க அனுமதி வழங்குவதற்கு முன்னர், அதன் தரைப்படமும் முகப்புப்படமும் ஒளிப்படங்களும் பதிவாகியிருக்க வேண்டும் என்ற ஒரேயொரு நிபந்தனையை மாநகர சபையும் நகர அபிவிருத்தி அதிகார சபையும் விதிக்க வேண்டும். அளக்கும் செலவை உரிமையாளர் மீது சுமத்தாமல், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத்துறை, பொறியியற்பீட மாணவர்களிடம் அவ்வேலையைப் பாடநெறியின் பகுதியாக ஒப்படைக்கலாம். வரையும் தாள்களைப் பொது நூலகத்தில் வைப்பதோடு, 1981 ஐ மறவாமல், ஒரு பிரதியை யாழ்ப்பாணத்துக்கு வெளியிலும் வைக்க வேண்டும்.

இங்ஙனம்,
வண்ணார்பண்ணை வாசகர் ஒருவர்