சனிக்கிழமை செமினாரை நிறுத்த வேண்டாம்: கல்லூரி நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். கணிதம், கணினி அறிவியல் இளநிலை மாணவர்களுக்காகச் சனிக்கிழமைதோறும் நடந்துவரும் ஆய்வு, வரலாறு செமினாரை வரும் பருவத்திலிருந்து நிறுத்திவிட்டு, அந்த இரண்டு மணி நேரத்தை நேர்காணல் பயிற்சிக்கு ஒதுக்கப்போவதாகச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. மதிப்பெண்ணுக்கும் வேலைக்கும் உதவாத வகுப்பு என்று அதில் ஒரு வரி இருக்கிறது. செமினாரை நடத்துபவன் என்ற முறையில் அந்த வரிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். உங்களில் பலர் மும்பைத் தமிழர்கள் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

சென்ற மாதம், தாராவியிலிருந்து வரும் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் பாஸ்கல் முக்கோணத்தை, அதாவது மேல்வரிசையில் அடுத்தடுத்துள்ள இரு எண்களைக் கூட்டிக் கீழே எழுதிக்கொண்டே போகும் எண் முக்கோணத்தை, கரும்பலகையில் எழுதினார். உச்சியிலுள்ள ஒன்றைப் பூஜ்ய வரிசை என்று எண்ணினால், ஐந்தாம் வரிசையில் இரு ஓரத்து ஒன்றுகளை விட்டுவிட்டால் 5, 10, 10, 5. எல்லாம் ஐந்தால் வகுபடும். ஏழாம் வரிசையில் 7, 21, 35, 35, 21, 7. அவையும் ஏழால் வகுபடும். ஒன்பதில் 9, 36 என்று ஒழுங்காகப் போய், 84இல் மீதி 3 வந்து நின்றது. ஒற்றைப்படை எண்ணெல்லாம் இப்படித்தான் என்று அதுவரை பேசிக்கொண்டிருந்த பின்வரிசை அமைதியாகிவிட்டது. பகா எண்ணின் வரிசையில் மட்டுமே எல்லா உறுப்பும் வகுபடும் என்பது பாடநூலில் ஒரு வரி. அன்று அதை நிறுவ எங்களுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

"அப்படியானால் பகா எண்ணைக் கண்டுபிடிக்க இதுவே போதுமே, சார்?" என்று ஒருவர் கேட்டார். போதாது, நூறு இலக்க எண் ஒன்றின் வரிசையை எழுதி முடிக்க எந்தக் கணினியாலும் ஆகாது. கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவரும் 2002 ஆகஸ்டில் வெளியிட்ட கட்டுரையை அந்த இடத்தில்தான் கையில் எடுத்தோம். முக்கோணத்தின் n-ஆம் வரிசை, (1+x)ⁿ என்ற பல்லுறுப்புக் கோவையை விரித்தால் வரும் கெழுக்கள்தான். அந்தக் கோவையை முழுதாக விரிக்காமல், தகுந்த ஒரு சிறு கோவையால் வகுத்து மீதிகளை மட்டும் ஒப்பிட்டே, ஓர் எண் பகா எண்தானா என்பதை ஐயமின்றியும் விரைவாகவும் தீர்மானிக்கலாம் என்று அவர்கள் நிறுவினார்கள். கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் பி.டெக். முடித்திருந்தார்கள், இளநிலை மாணவர்களாக அவர்கள் செய்த புராஜெக்டிலிருந்து வளர்ந்த வேலை அது.

வரலாறு எதற்கு என்றும் கேட்கிறார்கள். மாணவர் ஒருவர் எழுதி வந்த கட்டுரையில், டிஃப்ராக் என்ற ஆரம்பகால இந்தியக் கணினியை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய ஆர். நரசிம்மனும், 1965இல் கணிதவியலாளர் சேஷாத்ரியுடன் சேர்ந்து புகழ்பெற்ற தேற்றத்தை வெளியிட்ட எம்.எஸ். நரசிம்மனும் ஒரே ஆளாகிவிட்டிருந்தார்கள். இருவரும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தவர்கள் என்பதால் வந்த குழப்பம். திருத்தி வரச் சொன்னேன். திருத்தப் போனவர், 1960இல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக்கின் நினைவகம் 40 பிட் கொண்ட 2048 சொற்கள்தான் என்று கண்டு, தானே கணக்குப் போட்டு, பத்து கிலோபைட் என்று வந்து சொன்னார். (வாட்ஸப்பில் நமக்கு வரும் காலை வணக்கப் படமே அதைவிடப் பெரியது.) அவ்வளவு சிறிய இடத்தில் எப்படி நிரல் எழுதியிருப்பார்கள் என்பதே அடுத்த வாரப் பேச்சாயிற்று.

நேர்காணல் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் மாணவர்களில் பலர் அவரவர் வீட்டின் முதல் பட்டதாரிகள். வேலை அவர்களுக்கு அவசரம். ஆனால் வெள்ளிக்கிழமை பிற்பகலில் இரண்டு மணி நேரம் காலியாகவே கிடப்பது கால அட்டவணையிலேயே தெரிகிறது. பயிற்சியை அங்கே வைத்துக்கொண்டு, சனிக்கிழமையைச் செமினாருக்கே விட்டுவிட வேண்டுகிறேன்.

முடிவை உறுதிசெய்யும் முன் உங்களில் ஒருவராவது ஒருமுறை வகுப்புக்கு வந்து பின்வரிசையில் உட்கார வேண்டும். பகா எண்ணைப் போல நடித்து, பகா எண்களை அடையாளம் காண உதவும் ஃபெர்மா சோதனையை ஏமாற்றிவிடும் 561 என்ற எண்ணைப் பற்றி வரும் சனிக்கிழமை ஒரு மாணவி பேசுகிறார். பத்தரை மணிக்குத் தொடங்குவோம்.

இப்படிக்கு,
செமினாரை நடத்தும் கணித ஆசிரியர்,
மும்பை