மகளிர் பக்கத்துல இதையும் கொஞ்சம் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் பினாங்கு ஆயர் ஈத்தாம்ல இருந்து எழுதுறேன், ரெண்டு பிள்ளைங்களுக்கு அம்மா, வேலைய விட்டுட்டு வீட்ல இருக்கேன். ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர் வந்தா வீட்டுக்காரர் ஸ்போர்ட்ஸ் பக்கத்த உருவிக்குவாரு, மகளிர் பக்கம் எனக்கு. போன வாரம் அதுல இல்லத்தரசிகள் ஓய்வு நேரத்த பயனுள்ளதா கழிக்க யோசனைன்னு போட்டிருந்தீங்க, பழைய வளையல்ல போட்டோ பிரேம், ஐஸ்கிரீம் குச்சியில பேனா ஸ்டாண்டுன்னு. நல்லாத்தான் இருந்துச்சு, என் பெரியவ உடனே குச்சி வாங்கித் தாங்கம்மான்னு ஆரம்பிச்சிட்டா. ஆனா எந்த ஓய்வு நேரம்ங்க? காலையில ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கிறதுக்குள்ள ரெண்டு டிபன் டப்பா கட்டி, நைட் ஷிப்ட் முடிஞ்சு பாயான் லெப்பாஸ்ல இருந்து வர்றவருக்கு சாப்பாடு வச்சு, துணி காயப் போட்டு நிமிர்ந்தா சின்னவன் வீட்டுக்கு வர்ற நேரம் ஆயிடுது.

நான் வீட்ல செய்ற புராஜெக்ட் எல்லாம் வேற மாதிரி. சுவர் சாயம் உரியுது, அலமாரி கதவு கீல் லூசாயிடுச்சு, பைப்பு சொட்டுது, சீலிங்ல கறை. கொந்திராக்டர கூப்பிட்டா பாக்க வர்றதுக்கே காசு கேக்குறாங்க, அதனால முக்காவாசி வேலைய நானே செஞ்சிடுவேன். இப்படி வீட்ல இருக்கிற பொம்பளைங்களுக்கு உண்மையிலேயே உதவுற சட்டம், திட்டம் எல்லாம் நம்ம மலேசியாவுல இருக்கு, எல்லாம் மலாய்லயும் இங்கிலீஷ்லயும்தான் கிடைக்குது, நம்ம மகளிர் பக்கத்துல ஒரு வரி கூட வர்றதில்ல. அதச் சொல்லத்தான் இந்த லெட்டர்.

மொதல்ல சீலிங் கறை. ஃப்ளாட்ல, அபார்ட்மெண்ட்ல இருக்கிறவங்களுக்கு இது தெரியாம இருக்காது. எங்க பாத்ரூம் சீலிங்ல ஒரு மூலையில தே ஓ, அதாவது பால் இல்லாத டீ, கொட்டின மாதிரி ஒரு வட்டம் வந்துச்சு, அப்புறம் அதோட ஓரமா வெள்ளையா மாவு மாதிரி உப்பு பூக்க ஆரம்பிச்சிது, தொட்டா உதிருது. சிமெண்டுக்குள்ள தண்ணி ஊறி இறங்குறப்ப உள்ள இருக்கிற உப்பையும் சேத்து இழுத்துக்கிட்டு வரும், தண்ணி காஞ்சா உப்பு மட்டும் வெளிய நிக்கும். அது மேல எத்தனை கோட்டு சாயம் அடிச்சாலும் நிக்காது, பொரிஞ்சு பொரிஞ்சு விழும். பெரும்பாலும் மேல் வீட்டு பாத்ரூம் தரையில தண்ணி தடுக்கிற பூச்சு கெட்டுப் போயிருக்கும், இல்லன்னா பைப்பு ஒழுகும். சோதிச்சுப் பாக்கிறதுக்கு மேல் வீட்டு பாத்ரூம் தண்ணி போற ஓட்டைய அடச்சிட்டு தண்ணிய ஒரு நாள் தேக்கி வைப்பாங்க, கீழ ஈரம் வந்துச்சுன்னா தரைதான் காரணம்.

மேல இருக்கிறது வாடகைக்கு வந்த பசங்க, அவங்கள சொல்லி குத்தமில்ல. வீட்டு ஓனர் கோலாலம்பூர்ல, கேஎல்ல இருக்காரு, போன் பண்ணா "உங்க சீலிங் தானே, நீங்க சாயம் அடிச்சுக்குங்க"ன்னு வச்சிடுவாரு. எங்க மேனேஜ்மெண்ட் ஆபீஸ்ல போய் சொன்னா கவுண்டர்ல இருக்கிற பொண்ணு சிரிச்ச மூஞ்சியோட புக்குல எழுதிக்குவா, அதோட சரி. மறுபடி போனா "அக்கா, இது ரெண்டு வீட்டு விஷயம், நீங்களே பேசித் தீத்துக்குங்க" அப்படின்னாங்க.

ரெண்டு வீட்டு விஷயம் இல்லைங்க அது! ஃப்ளாட், அபார்ட்மெண்ட் மாதிரி அடுக்குமாடி வீடுங்களுக்கான ஸ்ட்ராத்தா மேனேஜ்மெண்ட் சட்டம் 2013, அதாவது ஆக்டா (சட்ட எண்) 757, அதுக்கு கீழ 2015ல வந்த விதிமுறையில மேல் வீட்டு ஒழுகலுக்குன்னே தனிப் பகுதி போட்டிருக்கு. கீழ் வீட்டு சீலிங்ல ஈரம் தெரிஞ்சா, வேற காரணம்னு நிரூபிக்கிற வரைக்கும், கோளாறு மேல் வீட்லதான்னு சட்டமே எடுத்துக்கும். நாம நோட்டீஸ் கொடுத்தா மேனேஜ்மெண்ட் 7 நாளைக்குள்ள வந்து பாக்கணும், பாத்த 5 நாளைக்குள்ள காரணம் என்ன, யாரு சரி பண்ணணும்னு எழுதி சர்டிபிகேட் கொடுக்கணும், அதுக்கு பேரு பாரம் 28. பொறுப்புன்னு போட்டவங்க 7 நாளைக்குள்ள சரி பண்ண நடவடிக்கை எடுக்கணும், அவங்க செய்யலன்னா மேனேஜ்மெண்டே செஞ்சிட்டு செலவ அவங்ககிட்ட வசூல் பண்ணிக்கலாம். மேனேஜ்மெண்டே அசையலன்னா பில்டிங் கமிஷனர் இருக்காரு, மலாய்ல பெசுருஹ்ஜாயா பாங்குனான், பினாங்கு தீவுல அந்த பிரிவு மாநகர் மன்றத்துல இருக்கு. அதுக்கும் மேல ஸ்ட்ராத்தா டிரிபியூனல்னு தீர்ப்பாயம், 250,000 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் உள்ள கேச எடுத்துக்குவாங்க.

இத எனக்கு சொன்னது எந்த வக்கீலும் இல்ல, பக்கத்து பிளாக் சீன ஆண்ட்டி, அவங்க பேப்பர்ல படிச்சாங்களாம். அவங்க பேப்பர்ல வந்திருக்கு பாருங்க, அதுதான் எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. நான் லெட்டர் எழுதி, பாரம் 28 சர்டிபிகேட் வேணும்னு மேல கொட்டை எழுத்துல போட்டு, ஆபீஸ்ல கொடுத்து, காப்பியில அவங்க சாப் (முத்திரை) அடிச்சு வாங்கிட்டு வந்தேன். வாயால சொன்னா காத்தோட போயிடும், சாப் அடிச்ச காப்பி கையில இருந்தா அவங்க பேசுற விதமே மாறிடுது. ஆள் வந்து பாத்தாங்க, ஓனரும் கேஎல்ல இருந்து இறங்கி வந்தாரு, மேல டைல்ஸ ஒடச்சு புதுசா பூச்சு போட்டாங்க.

அதுக்கப்புறம்தான் என் வேலை. இத எழுதுறப்ப எனக்கு கொஞ்சம் பெருமையாவே இருக்கு, மன்னிச்சுக்குங்க. ஒழுகல் நின்ன உடனே அவசரப்பட்டு சாயம் அடிக்கக் கூடாது, சிமெண்டு நல்லா காயணும், நம்ம ஊரு ஈரக் காத்துக்கு அது வாரக் கணக்குல இழுக்கும், காத்தாடிய அந்தப் பக்கம் திருப்பி வச்சு காய விட்டேன். உப்ப தண்ணி ஊத்தி கழுவாம காஞ்ச பிரஷ்ல தேச்சு எடுக்கணும், கழுவினா திரும்ப உள்ள போயிடும். உரிஞ்ச சாயத்த ஸ்கிரேப்பரால சுரண்டி, கருப்பா பூஞ்சை புடிச்ச இடத்துல தண்ணி கலந்த குளோரக்ஸ் பிளீச் வச்சு தொடச்சேன். இங்க ஒண்ணு, குளோரக்ஸோட வினிகரோ டாய்லெட் கழுவுற ஆசிட்டோ சேத்துடாதீங்க, குளோரின் வாயு வரும், கதவ சாத்தின பாத்ரூம்ல அத மோந்தா மூச்சு அடச்சிடும். ரெண்டும் சேந்தா நல்லா சுத்தமாகும்னு நெனச்சு கலக்குறவங்க எங்க பிளாக்லயே இருக்காங்க. அப்புறம் கறைய மறைக்கிற சீலர் ஒரு கோட்டு, அது இல்லாம வெள்ளை அடிச்சா பழுப்பு வட்டம் ஒரே வாரத்துல எட்டிப் பாக்கும். அது காஞ்ச பிறகு சீலிங் சாயம் ரெண்டு கோட்டு. ரோலர்ல நிறைய முக்கினா மூஞ்சியிலயே சொட்டும், தட்டுல ரெண்டு தடவ உருட்டி எடுக்கணும். என் வீட்டுக்காரரு வந்து அண்ணாந்து பாத்துட்டு "ஆள் வச்சியா?"ன்னு கேட்டாரு.

அடுத்தது பெர்கேசோ, அதாவது வேலை செய்றவங்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனம். மூணாவது மாடியில இருக்கிற அக்கா தீபாவளிக்கு முன்னாடி ஜன்னல் திரை மாத்துறேன்னு பிளாஸ்டிக் ஸ்டூல் மேல ஏறி, ஸ்டூல் சறுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு ஒடஞ்சிடுச்சு. பாவம், மாவுக்கட்டோட ஒரு கையாலயே அந்த தீபாவளிக்கு அதிரசம் தட்டினாங்க. கம்பெனியில வேலை செய்றவரு கம்பெனியில விழுந்தா பெர்கேசோ இருக்கு, வீட்ல வேலை செய்றவ வீட்ல விழுந்தா என்ன இருக்குன்னு நாங்க எல்லாம் படிக்கட்டுல உக்காந்து பேசிக்கிட்டிருந்தோம்.

இருக்குங்க. இல்லத்தரசிகள் சமூகப் பாதுகாப்பு சட்டம் 2022, ஆக்டா 838, அந்த வருஷம் டிசம்பர் 1ஆம் தேதியில இருந்து நடப்புல இருக்கு, லிண்டுங் காசேன்னு பேரு வச்சிருக்காங்க. வருஷத்துக்கு 120 வெள்ளி, மாசம்னு பாத்தா 10 வெள்ளி, என் பிள்ளைங்களோட மாமாக் சாப்பாட்டுக் கடைக்கு ஒரு தடவ போனாலே அத தாண்டிடும். கட்டினா 12 மாசத்துக்கு பாதுகாப்பு. 55 வயசுக்கு கீழ இருக்கணும். முழு நேரமா வீட்ல இருக்கிறவங்கதான்னு இல்ல, வேலைக்கு போயிட்டே வீட்டையும் பாக்கிறவங்க, தனியா பிள்ளை வளக்கிற அம்மாமாரும் சேரலாம். வீட்டு வேலை செய்றப்ப அடிபட்டா மருத்துவச் செலவு, உடம்புல நிரந்தரமா குறை வந்துட்டா அதுக்கு பணம், டயாலிசிஸ் வசதி, நோயால இயலாமப் போனா பென்ஷன், இறந்துட்டா வாரிசுக்கு பென்ஷன், ஈமச் செலவுன்னு வரும். நிபந்தனை எல்லாம் இருக்கு, அதனாலதான் தமிழ்ல விவரமா யாராச்சும் எழுதணும்ங்கிறேன். அந்த அக்கா வருஷா வருஷம் அவங்க வீட்டுக்காரரோட மோட்டார் சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் கட்ட மறந்ததே இல்ல, தனக்குன்னு ஒண்ணு இருக்குன்னே தெரியல. பைக்க விட நாம மட்டமா என்ன?

ஈபிஎஃப், அதாவது ஊழியர் சேமநிதி பத்தியும் சுருக்கமா சொல்லிடுறேன். வீட்ல முறுக்கு சுட்டு, பிளவுஸ் தச்சு கொஞ்சம் கொஞ்சமா சம்பாதிக்கிறவங்க அதுல ஐ-சாரான்னு இருக்கிற திட்டத்துல பதிஞ்சு சொந்தமா காசு போட்டா, அரசாங்கம் இப்ப 20 விழுக்காடு சேத்து போடுது, வருஷத்துக்கு 500 வெள்ளி வரைக்கும். கணவரோட சம்பளத்துல பிடிக்கிற ஈபிஎஃப்ல இருந்து 2 விழுக்காட மனைவி கணக்குக்கு மாத்துறதுக்கு ஐ-சாயாங்னு ஒண்ணு இருக்கு. அத வீட்ல எப்படி கேக்கிறதுங்கிறது அவங்கவங்க சாமர்த்தியம், நான் இன்னும் நல்ல மூடுக்காக காத்துக்கிட்டிருக்கேன்.

ஆசிரியர் ஐயா, சமையல் குறிப்பு, கோலம் எல்லாம் வேணாம்னு நான் சொல்லல, உங்க பக்கத்துல வந்த நெத்திலி சம்பல வெட்டி ஃபிரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கேன். மாசத்துல ஒரு வாரம் பாதிப் பக்கம் இதுக்கு ஒதுக்குங்க. ஒழுகல் நோட்டீஸ் எப்படி எழுதறதுன்னு ஒரு மாதிரி லெட்டர், பாரம் 28ல என்ன இருக்கும்னு ஒரு படம், பெர்கேசோவுல தமிழ் பேசுற அதிகாரி யாராச்சும் வாசகர் கேள்விக்கு பதில் சொல்ற மாதிரி ஒரு பகுதி. எங்கம்மா வயசுல இருக்கிறவங்களுக்கு வெப்சைட் சரிப்படாது, பேப்பர்ல வந்தா கண்ணாடி போட்டுக்கிட்டு ரெண்டு தடவ படிப்பாங்க. பெர்கேசோ விஷயத்த மட்டும் முடிஞ்சா தீபாவளிக்கு ஒரு மாசம் முன்னாடியே போட்டுடுங்க, அப்பதான் எல்லாரும் ஒட்டடை அடிக்க ஸ்டூல் மேல ஏறுவோம்.

இப்படிக்கு,
ஓர் இல்லத்தரசி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு