செயலாளரின் ஆண்டறிக்கை: பல மொழி வீட்டுப் பிள்ளைகளும் நம் ஆசிரியர் பயிற்சியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், அங்கன்வாடி, மழலையர் பள்ளி ஆசிரியர்களான உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வட ஆர்க்காடு மாவட்டம் 1989-இல் இரண்டானது. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றானது. வீட்டுமொழிகள் அந்த எல்லைக் கோடுகளைப் பார்த்து நடப்பதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தெருக்களில் உருது, குடியாத்தம், காட்பாடிப் பக்கம் தெலுங்கு, நரிக்குறவர் குடியிருப்புகளில் வாக்ரிபோலி, சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றிய விடுதிகளில் வங்காளமும் இந்தியும். ஆகவே இவ்வாண்டுப் பயிற்சி முழுவதையும் தமிழ் அல்லாத வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கே ஒதுக்கினோம்.

ஒரு குழுவுக்கு 20 பேர், இரண்டு அரை நாட்கள், நடுவில் இரண்டு வார இடைவெளி என்று வைத்துக்கொண்டோம். இடைவெளிதான் முக்கியம். ஒரே நாளில் முழுவதையும் சொன்னால் குறிப்பேட்டோடு போய்விடும். முதல் நாள் கற்றதை மையத்தில் செய்து பார்த்து, எங்கே இடித்தது என்று கேட்க வரும் இரண்டாம் நாளில்தான் உண்மையான பயிற்சி நடக்கிறது.

முதலில் சேர்க்கைப் பதிவு. நமக்கு இனிஷியல் பழக்கம். வங்காள, பீகார்க் குடும்பங்களுக்கு அது கிடையாது. இனிஷியல் கேட்டால் அவர்கள் குடும்பப் பெயரைச் சொல்வார்கள், நாம் அதைத் தந்தை பெயர் என்று எழுதிவிடுவோம். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகாமல் அந்தத் தாய் அலைவாள். சான்றிதழைப் பார்த்து, அதில் உள்ளபடியே எழுதுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரைத் தனியாகக் கேட்டு, அந்தப் பெயரிலேயே கூப்பிடுங்கள்.

அடுத்து, பிள்ளையின் வீட்டுமொழிச் சொல் அட்டை. தண்ணீர், பசி, வலி, ஒன்றுக்கு, தூக்கம், வேண்டாம், அம்மா வருவாள் என ஒரு மொழிக்கு 12 சொற்கள் போதும். தமிழ் எழுத்தில் எழுதிப் படித்தவர்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. நம் எழுத்தில் ப, த, க ஒவ்வொன்றும் பல ஒலிகளுக்கு நிற்பதால் பிள்ளைக்குப் புரியவில்லை. இப்போது தாயையே சொல்லச் சொல்லி, அவர் சம்மதத்தோடு கைப்பேசியில் பதிவு செய்து, கேட்டுப் பழகுகிறோம். புத்தகச் சொல்லை நம்பவும் வேண்டாம். நம் பக்கத்து உருது வீட்டில் வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’ என்பார்கள். வங்காளத்தில் சில வீடுகளில் தண்ணீர் ‘ஜொல்’, சில வீடுகளில் ‘பானி’. அந்தந்த வீட்டுச் சொல்லே பிள்ளைக்குச் சொல்.

உறுப்பினர்கள் அதிகம் கேட்டது பேசாத பிள்ளையைப் பற்றி. புது மொழிக்குள் வந்த குழந்தை சில வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட, வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அது இயல்பு. “பேசு, பேசு” என்று நெருக்கினால் இன்னும் ஒடுங்கும். தலையசைத்தால், சுட்டிக்காட்டினால் அதையே பதிலாக ஏற்றுக்கொள்ளுங்கள். தாயிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: வீட்டில், உங்கள் மொழியில் பேசுகிறானா? பேசினால் காத்திருக்கலாம். இரண்டு வயது கடந்தும் வீட்டுமொழியிலேயே இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது, ஆர்.பி.எஸ்.கே. (பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம்) மருத்துவக் குழுவிடம் காட்டி, காது கேட்கும் திறனை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

“வீட்டிலும் தமிழிலேயே பேசுங்கள்” என்ற அறிவுரையை இனி யாரும் தர வேண்டாம் என்று உறுதியாகக் கேட்டுக்கொள்கிறேன். தனக்கே சரியாக வராத தமிழில் தாய் பேசத் தொடங்கினால் பேச்சு சுருங்கும். கதையும் கொஞ்சலும் நின்றுபோகும். தாய்மொழியில் வளமாகப் பேசும் பிள்ளைக்குத் தமிழ் எளிதில் வரும்.

உணவில் ஒரே விதி: முட்டை சாப்பிடாத வீடா என்று சேர்க்கும் நாளிலேயே கேட்டுவிடுவது. தட்டில் வைத்துவிட்டு எடுத்தால் பிள்ளைக்கு அவமானம். பெற்றோர் கூட்டத்தை வெள்ளி மதியம் வைக்காதீர்கள், ஜும்மா நேரம்; ரமலான் மாதத்தில் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க அழைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. எட்டு வயது அக்காளுக்கு அன்று பள்ளி போகிறது; தம்பியின் நோயைத் தாயிடம் அவள் வாயால் சொல்ல வைப்பதும் முறையல்ல. அதே மொழி பேசும் அக்கம்பக்கத்துப் பெரியவரை, தாயின் சம்மதத்தோடு அழைக்க வேண்டும்.

ஜவ்வாது மலை மையங்களுக்கு இந்தப் பயிற்சியைக் கொண்டுபோக முடியவில்லை. இது நம் குறை. அங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தவர் அல்லர்) பேசுவது தமிழ்தான் என்பதால் அங்கே தேவையில்லை என்று கருதிவிட்டோம். அவர்கள் வழக்குச் சொல்லைத் தப்பு என்று திருத்தும்போது அந்தப் பிள்ளையும் வாயடைத்துத்தான் போகிறது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரும் ஆண்டின் முதல் இரண்டு பயிற்சிகளை மலையிலேயே நடத்துவது, அங்குள்ள தாய்மார் இருவரைப் பயிற்றுநராக அமர்த்தி மதிப்பூதியம் தருவது என்னும் தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்