2024–25 ஆண்டறிக்கை: நடைக்கு நாற்பது பேர், களையெடுக்க ஒன்பது பேர்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே,

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நமது நீலகிரி மலைநடைச் சங்கம் செய்ததும் செய்யத் தவறியதும் இதில் உள்ளன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

முதலில் சீகை, அதாவது வாட்டில் எனப்படும் வெளிநாட்டு மரம்; சீகைக்காய் அல்ல. நாம் பொறுப்பேற்ற புல்வெளிச் சரிவில் வனத்துறை அனுமதியுடன் சீகைக் கன்றுகளைப் பிடுங்கி வருகிறோம். பெரிய மரங்களை வெட்டுவது துறையின் வேலை. தோல் பதனிடப் பட்டை தரும் என்று ஒரு காலத்தில் இம்மலையில் நட்டுத் தள்ளிய மரம் இது. வெட்டிவிட்டால் தீர்ந்தது என்று நம்மில் சிலரே பேசுகிறார்கள். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ பட்டால் இன்னும் மும்முரமாக முளைக்கும். ஐப்பசியில் சுத்தம் செய்த அதே இடத்தில் தை மாதம் விரல் உயரத்துக்குப் புதுக் கன்றுகள் நின்றன, புளியங்கன்று போலப் பொடி இலைகளுடன். மழைக்கு மறுநாள் அடித்தண்டைப் பிடித்து இழுத்தால் வேர் முழுதாக வரும். மண் காய்ந்துவிட்டால் தண்டு மட்டும் கையோடு வந்துவிடுகிறது. உள்ளே தங்கிய வேர்க்கட்டை மறுபடி துளிர்க்கிறது. ஞாயிறுவரை காத்திராமல் மழை விட்டதும் ஏன் அழைக்கிறேன் என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். அதிகபட்சம் ஒன்பது பேர் வந்தார்கள்.

கோத்தகிரி லாங்வுட் சோலை நடைக்கோ நாற்பது பேர். 116 ஹெக்டேர் பரப்புள்ள அந்தச் சோலை 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், இடம்பெற்றது. திரும்பும் வழியில் காட்டுமாட்டுச் சாணத்தை உறுப்பினர் ஒருவர் குச்சியால் கிளறினார். உள்ளே சிப்ஸ் உறையின் வெள்ளித் துண்டு. உடனே எல்லோரும் சுற்றுலாப் பயணிகளைத் திட்டினோம். தேநீர் குடித்த இடத்தில் நம்மவர்கள் விட்டுவந்த இரண்டு பிஸ்கட் உறைகளை நான் பொறுக்கி வந்திருந்தேன். அன்று சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, வெளியூர் வண்டிகள் இங்கு வர இணையத்தில் பெற வேண்டிய இ-பாஸ் 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் ஜூன் வரை நீலகிரிக்கு நாளொன்றுக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. வரவேற்கிறோம். உள்ளூர்க்காரர்களாகிய நமக்கு இ-பாஸ் தேவையில்லை, அதனால் பொறுப்பும் இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தீப்பருவத்துக்காகப் பிப்ரவரி நடுவிலிருந்து மலையேற்றப் பாதைகள் மூடப்பட்டன. நமது இரண்டு நடைகள் ரத்தாயின. சந்தாவைத் திருப்பிக் கேட்டு ஒரு கடிதம் வந்தது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே மார்ச் மாதம், அதே காய்ந்த புல். பணம் திருப்பித் தரப்படவில்லை.

செயற்குழுவின் ஒரே தீர்மானம்: இரண்டு முறையாவது களையெடுக்க வந்தவர்களுக்கே இனி நடைப் பட்டியலில் முதலிடம். இதையும் அறிக்கையையும் பொதுக்குழு ஏற்க வேண்டுகிறேன். அடுத்த களையெடுப்பு, முதல் கோடை மழைக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு. கையுறை சங்கம் தரும். அட்டைப்பூச்சிக்கு உப்பு அவரவர் கொண்டுவரவும்.

செயலாளர்