டச்பே கச்சான் ஆச்சிக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

நேற்றிரவு எங்கள் படத்தின் திரையிடல் முடிந்து அப்பா என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கப் பன்னிரண்டரை ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நித்திரையே வரவில்லை. இப்போது அம்மா குசினியில் தேத்தண்ணி வைக்கும் சத்தம் கேட்கிறது. விடிந்தால் கதிரைகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், புரொஜெக்டரைக் கொடுக்க வேண்டும், ஆளாளுக்குக் கடன். அதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் எடுத்த திகில் படம் ஹாட் டிஸ்க்கோடு அழிந்துபோன கதையை மறுபடி விரிவாகச் சொல்லப் போவதில்லை. அந்தக் கிழமை எங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். திரையிடலுக்கு ஒன்பது நாள் இருந்தது, கையில் ஒன்றுமில்லை. அவ்வளவுதான்.

அந்த ஒன்பது நாளும் உதவியவர்கள் பலர். அவர்களையெல்லாம் கடைசியில் ஒரே பந்தியில் அடைக்கப் போகிறேன், கோபிக்காதீர்கள். ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. அவரிடம் ஸ்மார்ட் போன் இல்லை. யாராவது வாசித்துக் காட்டினால்தான் இது அவருக்குப் போய்ச் சேரும்.

திருகோணமலை டச்பே கடற்கரையில் கச்சான், அதாவது நிலக்கடலை, வறுத்து விற்கும் ஆச்சி அவர்.

எல்லாம் போன அன்று பின்னேரம் எங்களில் நாலு பேர் மணலில் இருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆச்சி வண்டிலுக்குப் பின்னால் இருந்து குரல் கொடுத்தார். "என்ன பிள்ளையள், செத்தவீடு மாதிரி இருக்கிறியள்?"

"படம் எடுத்தனாங்கள் ஆச்சி. அழிஞ்சு போச்சு."

"முழுக்கவோ?"

முழுக்க என்று சொல்ல முடியாது. படத்தின் தொடக்கத்தை மட்டும் அதற்கு முந்தின கிழமை லண்டனில் இருக்கும் மச்சாளுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். 1 நிமிடம் 54 செக்கன். வட்ஸ்அப் நசுக்கிய நசுக்கில் இருட்டுக் காட்சியெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. பெரிய திரையில் போட உதவாது. மிஞ்சியது அது ஒன்றுதான்.

"காட்டுங்கோ பாப்பம்" என்றார் ஆச்சி. சீலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டுப் போனை வாங்கி, கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். நான் போனைப் பார்க்கவில்லை, ஆச்சியின் முகத்தைப் பார்த்தேன். வேறு என்ன செய்வது, அந்த வீடியோ எனக்கு மனப்பாடம்.

முதல் 35 செக்கன் கறுப்புத் திரையில் சிவப்பு எழுத்தில் எங்கள் பதினொரு பேரின் பெயர்கள், பின்னால் திகில் இசை. இருபதாவது செக்கனில் ஆச்சி நிமிர்ந்து, வந்த ஒருவருக்கு இரண்டு கடதாசிச் சரையில் கச்சான் சுற்றிக் கொடுத்து, மிச்சக் காசையும் எண்ணிக் கொடுத்தார். போன் வண்டில் பலகையில் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஓடும் கால்கள் போயின, கத்தி போனது, கடைசியில் அலறல். அப்போதுதான் திரும்பினார்.

"கத்துறது ஆர்?"

"கதாநாயகி, ஆச்சி."

"அவவை எனக்குத் தெரியாதே பிள்ளை. தெரியாத ஆள் கத்தினா நான் ஏன் பயப்பட வேணும்?"

எங்கள் ஒலிப்பதிவுத் தம்பி சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு மாதமாக லென்ஸ், நிறம், இசை என்று எல்லாவற்றையும் பற்றிச் சண்டை பிடித்திருக்கிறோம். இந்தக் கேள்வி எங்களில் ஒருவருக்கும் வரவில்லை.

ஆச்சி போனைத் தந்துவிட்டு மறுபடி வறுக்கத் தொடங்கினார். மணலும் கச்சானும் கரகரவென்று புரள, இடைக்கிடை அகப்பையால் தாச்சி விளிம்பில் டங் டங் என்று தட்டினார். தட்டுகிற சத்தத்துக்குத்தான் ஆட்கள் வருவார்களோ என்று சும்மா கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை. தட்டிக்கொண்டே இருந்தா ஒருத்தரும் பாக்க மாட்டினம். நிப்பாட்டினாத்தான் திரும்பிப் பாப்பினம்."

சொல்லிவிட்டு நிறுத்தினார். பத்தடி தள்ளி, கடலைப் பார்த்தபடி பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த ஒருவர் உண்மையாகவே திரும்பிப் பார்த்தார்.

இது ஒன்றும் மந்திரமில்லை. குளிர்சாதனப் பெட்டி ஓடுகிற சத்தம் யாருக்குக் கேட்கிறது? அது நின்றால்தான் இவ்வளவு நேரம் ஓடியது தெரியும். ஒரே மாதிரி வருகிற சத்தத்தைக் காது கொஞ்ச நேரத்தில் கணக்கெடுப்பதை விட்டுவிடும். இதையெல்லாம் நானும் எங்கேயோ படித்ததுதான். ஆனால் படத்தில் பயமுறுத்த வேண்டும் என்றதும் நாங்கள் செய்தது சத்தத்தைக் கூட்டியது மட்டுமே.

அன்றிரவே கதையின் தொடக்கத்தைத் திருப்பி எழுதினேன். ஞாயிறு பின்னேரம் ஆச்சியிடம் போய், தாச்சி தட்டுகிற சத்தம் வேண்டும், ஐந்து நிமிடம் போதும் என்று கேட்டோம். ஞாயிறு பின்னேரம் டச்பே எப்படி இருக்கும் என்று திருகோணமலைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. ஆச்சிக்குக் கிழமையிலேயே கூடுதலாக யாவாரம் ஆகிற நேரம் அது. அந்த நேரத்தில் போய்க் கேட்டது எங்கள் மடத்தனம்.

சரி என்றார். முதலில் கச்சான் நிறைந்த தாச்சியில் தட்டினார். சத்தம் மொத்தையாக, ஈரச் சுவரில் தட்டுகிற மாதிரி இருந்தது. ஒலிப்பதிவுத் தம்பி ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பேசாமல் நின்றான். ஆச்சி அவன் முகத்தைப் பார்த்தார். அடுப்பைக் குறைத்தார். வறுபட்டதை அரித்து எடுத்தார். பிறகு நாங்கள் வேண்டாம் வேண்டாம் என்கிறபோதே, கொதிக்கிற மணல் முழுவதையும் தகர வாளியில் கொட்டிவிட்டு, வெறும் தாச்சியை மறுபடி ஏற்றித் தட்டினார்.

கோவில் மணி தூரத்தில் கேட்கிற மாதிரி ஒரு கணீர். கடைசியில் சின்னதாக ஒரு நடுக்கம். எனக்குக் கை மயிர் சிலிர்த்துவிட்டது.

அந்த மணலை மறுபடி சூடாக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அப்போது நாங்கள் யோசிக்கவில்லை. அரை மணித்தியாலத்துக்குக் கிட்ட ஆச்சி ஒரு சரை விற்கவில்லை. வந்தவர்களை "பொறுங்கோ, பிள்ளையள் சத்தம் பிடிக்கினம்" என்று நிறுத்திவைத்தார். அவர்களும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். தெருப்பக்கம் கொத்து ரொட்டி போடுகிற சத்தத்தை மட்டும் ஒருவராலும் நிறுத்த முடியவில்லை. பதினொரு முறை எடுத்தோம். கடைசியில் காசு நீட்டினேன்.

"கச்சானுக்குத்தான் காசு. சத்தத்துக்கென்ன காசு?"

நேற்றுப் பார்த்த தொடக்கம் அந்தச் சத்தத்தைச் சுற்றித்தான் கட்டியது. நாலு செக்கன் கறுப்புத் திரை, டங் டங் மட்டும். பிறகு செருப்பைக் கையில் பிடித்தபடி மணலில் நடக்கிற ஒரு பிள்ளை. கச்சான் வாங்குகிறாள், பஸ்ஸுக்கு வேண்டிய காசை எண்ணித் தனியாக எடுத்து வைக்கிறாள், காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு நடக்கிறாள். நாற்பது செக்கன் அவளோடு கூட நடக்கிறோம். அவளுக்குப் பின்னால் தூரத்தில், எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க ஒருவன் மட்டும் கடலுக்கு முதுகு காட்டி நிற்கிறான். 70ஆவது செக்கனில் தட்டுகிற சத்தம் நிற்கிறது. கரையில் நிற்கிற அத்தனை பேரும் திரும்புகிறார்கள். அவளுக்கு மட்டும் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் படத்தின் பெயர்.

மேசைக்குக் கீழே இருக்கிற குண்டைப் பற்றிப் பட இயக்குநர் ஹிட்ச்கொக் சொன்னதை நாங்கள் ஆளுக்கு ஆள் ஒப்புவிப்போம். குண்டு திடீரென்று வெடித்தால் பார்க்கிறவனுக்கு 15 செக்கன் அதிர்ச்சி, குண்டு இருப்பதை முதலே காட்டிவிட்டால் 15 நிமிடப் பதற்றம். ஒப்புவித்தோமே தவிர, எங்கள் முதல் தொடக்கத்தில் குண்டும் இல்லை, மேசையில் இருந்தவர்கள் யாரென்றும் தெரியாது. வெடிச் சத்தம் மட்டும் இருந்தது.

லண்டன் மச்சாள் உயர்தரத்தில் ஊடகக் கல்வி படித்தவ. அவ படித்த காலத்துப் பாடத்திட்டத்தில் மாணவர்கள் ஒரு புதுப் படத்தின் தொடக்கத்தை, பெயர் எழுத்துகளும் சேர்த்து, இரண்டு நிமிடத்துக்குள் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. பிறகு ஏழு கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது. நாலாவது கேள்வி உன் பார்வையாளர் யார், ஐந்தாவது அவர்களை எப்படி ஈர்த்தாய். தன் பழைய தாள்களை எனக்கு அனுப்பியிருந்தா. நாலாவதுக்கு நாங்கள் "15 முதல் 25 வயது வரையான இளைஞர்கள்" என்று ஸ்டைலாக எழுதி வைத்திருந்தோம். படத்தைத் திருத்தித் தந்த பார்வையாளருக்கு எழுபது தாண்டியிருக்கும். ஐந்தாவதுக்கு எழுதியது இன்னும் மோசம்: "சிவப்பு எழுத்து, வேகமான வெட்டுகள்."

நேற்று நான் திரையைப் பார்க்கவே இல்லை. ஆச்சியிடம் பார்த்த பழக்கம், திரைக்குப் பக்கத்தில் சுவரோரம் நின்று முகங்களைப் பார்த்தேன். இருட்டில் ஏழு போன் வெளிச்சம். முதல் பத்து செக்கனுக்குள் நாலு அணைந்தது, அது ஊரைக் கண்ட சந்தோசம். "இது நம்மட டச்பே" என்று ஒரே குசுகுசுப்பு. நாங்கள் கூப்பிடாமலே படத்துக்குள் நடந்து வந்த புள்ளிமான்கள் இரண்டையும் கண்டதும் சிரிப்பு வேறு. ஊர் தெரிந்த ஆட்களுக்கு ஊரைக் காட்டினால் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுக் கதைக்கவும் தொடங்குவார்கள், திகில் படத்துக்கு அது ஆகாது. எனக்கு அடிவயிறு கலங்கியது.

70ஆவது செக்கன் வந்தது. சத்தம் நின்றது. சனத்தின் குசுகுசுப்பும் நின்றது. மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெடியன் "ஏன் நிண்டது?" என்று தாயைக் கேட்டான். பின்வரிசையில் இரண்டு பேர் திரையை விட்டுவிட்டு உண்மையாகவே பின்னால் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏழு போனும் அணைந்திருந்தது. இரண்டு நிமிடத்தில் ஒரு சொல் பேச்சும் இல்லாததால், பக்கத்துத் தெருவில் இருந்து வந்த சிங்களக் குடும்பத்துக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டி வரவில்லை. அவர்களும் அதே செக்கனில்தான் நிமிர்ந்து இருந்தார்கள். லண்டனில் இதைப் போனில் பார்த்த, டச்பேயைக் கண்ணாலும் காணாத மச்சாளின் சிநேகிதிகளும் அதே இடத்தில் போனைக் கிட்டக் கொண்டுபோனார்களாம்.

இனி மற்றவர்கள், ஒரே மூச்சில். வீதி விளக்கு அணைந்த இரவில் ஓட்டோவின் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு முக்கால் மணித்தியாலம் நின்ற அண்ணா. புரொஜெக்டரும் கறுப்புத் துணியும் தந்த ரியூசன் சேர். ஒன்பது நாளும் பதினொரு பேருக்கு இடியப்பமும் சொதியும் அவித்துக் கட்டித் தந்த சிநேகிதியின் அம்மா. காற்றுக்கு மைக்கை மூடத் தன் சொக்ஸைக் கழற்றித் தந்த தம்பி (தோய்த்த சொக்ஸ்தான் என்று சத்தியம் செய்தான்). எங்களுக்காகத் தோணி எஞ்சினை நிறுத்திவைத்த மாமா. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஆகவே செக்கனுக்கு 25 பிரேமில் எடுக்கும்போது கமராவின் ஷட்டர் வேகத்தை ஐம்பதில் ஒரு செக்கனாக வை, இல்லாவிட்டால் பல்ப் வெளிச்சத்தில் கோடு கோடாக ஓடும் என்று சொல்லித்தந்த கல்யாணவீட்டுக் கமராக்கார அண்ணா. அது தெரியாமல்தான் முதல் முறை பாதிக் காட்சியைப் பழுதாக்கினோம், ஆக ஹாட் டிஸ்க்கோடு போனதில் கொஞ்சம் போனது நல்லதுக்கு. முதல் முறை முழுநிலாப் போயா நாளில் எடுத்ததால் பின்னேரமே கடலில் நிலா எழும்பியது. திரும்ப எடுத்தபோது அதே நிலாவுக்காகக் காத்திருந்தோம். அது நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தித்தான் வரும் என்று சொல்லி எங்களை வீட்டுக்குத் துரத்திய அப்பாவுக்கும் நன்றி. நிலா இல்லாமலே எடுத்தோம்.

இது படத்தின் தொடக்கம் மட்டும்தான் என்று தெரியும். மிச்சம் பதினாறு நிமிடமும் எடுக்க வேண்டும். ஒன்று மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன்: எந்த வெட்டும் முதலில் ஆச்சியின் வண்டில் பலகைக்குத்தான் போகும். நான் வாய் திறந்து விளக்கம் சொல்ல மாட்டேன். அவர் எந்த இடத்தில் சரை சுற்றப் போகிறாரோ அந்த இடம் வெட்டப்படும்.

ஆச்சி நேற்று வரவில்லை. சனிக்கிழமை யாவாரத்தை விட்டுவிட்டு வர அவருக்கென்ன விசரா? முடிந்ததும் நாங்கள்தான் ஓடிப்போனோம். வண்டிலைத் தள்ள ஆயத்தமாக நின்றார்.

"நிண்ட இடத்தில திரும்பினவையோ?"

"ஓம் ஆச்சி."

"அப்ப சரி" என்றார். மிஞ்சிய கச்சானை ஆளுக்கொரு சரையாகச் சுற்றித் தந்து, காசையும் எண்ணி வாங்கிக்கொண்டார்.

டச்பே பக்கம் போகிறவர்கள் அவரிடம் வாங்குங்கள். போட்டோ எடுக்க வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது. உப்புக் குறைவாக வேண்டுமென்றால் முதலே சொல்லிவிட வேண்டும், பிறகு சொன்னால் பேச்சு விழும்.