ஸ்டேஷன் சுவரில் ஒரு பலகை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 22 அன்று உங்கள் பத்திரிகையில் ஒரு படம் வரும். முந்தைய நாள், காவலர் வீரவணக்க நாளில், சென்னை டிஜிபி அலுவலக வளாகத்து நினைவுச் சின்னத்தின் முன் அதிகாரிகள் மலர் வளையம் வைக்கும் படம். நான் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவன். அந்தப் படத்தைத் தவறாமல் பார்ப்பேன். பார்க்கும்போதெல்லாம் ஒரு குறை மனசில் வந்து நிற்கும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மாவட்ட ஆயுதப்படை மைதானத்தில் அந்த அணிவகுப்பில் நானும் பல வருடம் நின்றிருக்கிறேன். துப்பாக்கியைத் தலைகீழாகத் திருப்பி, தலையைக் குனிந்து நிற்போம். முந்தைய செப்டம்பர் 1 முதல் அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 வரை நாடு முழுக்கப் பணியில் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். பெயர், பதவி, மாநிலம். அடுத்த பெயர். அவர் எந்த ஊரில் என்ன வேலையாகப் போனபோது இறந்தார் என்பது அந்த வாசிப்பில் இருக்காது. வெயிலில் நின்று கேட்கிற எங்களுக்கே ஒரு பெயர் மனசில் பதிவதற்குள் அடுத்தது வந்துவிடும். அப்புறம் பொதுமக்களுக்கு எப்படிப் பதியும்?

இந்த நாள் எப்படி வந்தது என்பதே பலருக்குத் தெரியாது. 1959 அக்டோபர் 21. லடாக்கில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற இடம், சுமார் 16,000 அடி உயரம். முந்தைய நாள் ரோந்து போன மூன்று குழுக்களில் ஒன்று திரும்பவில்லை. அவர்களைத் தேடிக்கொண்டு கரம் சிங் என்ற அதிகாரியின் தலைமையில் போனவர்கள் மீது சீனப் படையினர் மேட்டில் இருந்து சுட்டார்கள். மத்திய ரிசர்வ் போலீஸ் காவலர்கள் பத்துப் பேர் இறந்தார்கள். அவர்களுடைய உடல்கள் நம் கைக்கு வரவே நவம்பர் 13 ஆகிவிட்டது. அன்றைக்கு அந்த எல்லையைக் காத்தது போலீஸ்காரர்கள்தான். காணாமல் போன சக காவலரைத் தேடிப் போன இடத்தில் இறந்தவர்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது.

டெல்லி சாணக்கியபுரியில் 2018இல் தேசிய காவலர் நினைவகம் திறந்தார்கள். அங்கே சுவரில் அப்போது பொறித்த பெயர்கள் மட்டும் 34,844. சுதந்திரத்துக்குப் பிறகு இறந்தவர்களின் கணக்கு இது. ஆனால் எங்கள் ஊர்க்காரர் எத்தனை பேர் டெல்லிக்குப் போய் அந்தச் சுவரைப் பார்க்கப் போகிறார்கள்? இறந்தவர் வேலை பார்த்த ஊரில், அவர் ரோந்து சுற்றிய தெருவில் அவருடைய பெயர் இருக்க வேண்டாமா என்பதுதான் என் கேள்வி.

நம் மாநிலத்தையே எடுத்துக்கொள்வோம். 2020 ஜனவரி 8 இரவு, களியக்காவிளை செக்போஸ்ட்டில் பணியில் இருந்த வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். 2021 நவம்பர் 21 அதிகாலை, திருச்சி நவல்பட்டு ஸ்டேஷனைச் சேர்ந்த பூமிநாதன், ஆடு திருடிக்கொண்டு பைக்கில் போனவர்களைத் தனி ஆளாகத் துரத்திப் புதுக்கோட்டை மாவட்ட எல்லைக்குள்ளேயே போய்ப் பிடித்தார். பிடித்த இடத்திலேயே வெட்டிக் கொன்றார்கள். 2025 ஆகஸ்டில், திருப்பூர் மாவட்டம் குடிமங்கலம் பகுதியில், ஒரு தோட்டத்தில் அப்பாவும் மகன்களும் போட்ட சண்டையை விலக்கப் போன சண்முகவேலுக்கும் அதே கதி.

மூன்று பேருமே சிறப்பு உதவி ஆய்வாளர்கள். இந்தப் பதவி எப்படி வருகிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, முதல் நிலை ஆகி, ஏட்டாகி, சுமார் 25 வருடம் ஓட்டிய பிறகு தோளில் ஏறுகிற பட்டம் அது. அதாவது இவர்கள் ஐம்பதை நெருங்கியவர்கள் அல்லது தாண்டியவர்கள். முழங்கால் வலியும் சர்க்கரையும் வந்துவிடுகிற வயது. ஆடு திருடுபவனைத் துரத்தாமல் விட்டிருந்தால் பூமிநாதனை யாரும் பெரிதாகக் கேட்டிருக்க மாட்டார்கள். காலையில் ஆட்டுக்காரர் வந்து புகார் கொடுப்பார், மனு ரசீது போட்டுக் கொடுத்திருப்பார்கள். அந்த ஆட்டுக்காரருக்காக அந்த இருட்டில் அவ்வளவு தூரம் போனாரே, அதைத்தான் நாம் சொல்லிச் சொல்லி நினைவில் வைக்க வேண்டும்.

வயது குறைந்தவர்களும் உண்டு. 2018 மே மாதம் நெல்லை மாவட்டம் நாங்குநேரி அருகே மணல் கடத்தலைத் தடுக்கப் போன காவலர் ஜெகதீஷ் துரை, 2020 ஆகஸ்ட் 18 அன்று வல்லநாடு அருகே தேடப்பட்ட குற்றவாளியைப் பிடிக்கப் போய் நாட்டு வெடிகுண்டு வீச்சில் இறந்த காவலர் சுப்பிரமணியன். 1991 மே 21 ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு இறந்தவர்களில் எஸ்பி முகமது இக்பாலும், இன்ஸ்பெக்டர் ராஜகுருவும், பெண் காவலர் சந்திராவும் இன்னும் பல காவலர்களும் இருந்தார்கள் என்பது தெரியுமா என்று படித்த பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

நன்றாகச் செய்கிற ஊரும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 1980 ஆகஸ்ட் 6 அன்று திருப்பத்தூரில் நக்சலைட்டுகளின் வெடிகுண்டுக்கு இன்ஸ்பெக்டர் பழனிச்சாமியும் உடன் இருந்த காவலர்களும் பலியானார்கள். பழனிச்சாமியின் சின்ன மகள் பெயரால்தான் பிறகு வந்த நடவடிக்கைக்கு 'ஆபரேஷன் அஜந்தா' என்று பெயர் வைத்தார்கள். அங்கே ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. 40 வருடத்துக்கு மேல் ஆகியும் ஆகஸ்ட் 6 வந்தால் அஞ்சலி நடக்கிறது. அக்டோபர் 21 எல்லாருக்கும் பொதுவான நாள். ஆகஸ்ட் 6 திருப்பத்தூருக்கு உரிய நாள். எல்லா ஊருக்கும் அப்படி ஒரு நாள் வேண்டும்.

என் சொந்த அனுபவம் ஒன்று. என்னோடு பல வருடம் இரவு ரோந்து வந்த ஏட்டு ஒருவர், வாகனச் சோதனையில் நின்றிருந்தபோது நிற்காமல் போன லாரி மோதி இறந்தார். குண்டடியோ அரிவாள் வெட்டோ இல்லை என்பதால் வீரமரணம் என்று யாரும் எழுதவில்லை. விபத்துச் செய்தியாக நாலு வரி வந்தது. எங்கள் ஸ்டேஷனில் ரைட்டர் மேஜைக்கு மேலே அவர் படத்தை மாட்டி வைத்திருந்தோம். சில வருடம் கழித்து ஸ்டேஷன் புதுக் கட்டடத்துக்கு மாறியது. ஓய்வுக்குப் பிறகு ஒரு வேலையாக அங்கே போனேன். படத்தைக் காணோம். பணியில் இருந்த தம்பியிடம் கேட்டேன். "யாரு ஐயா அது?" என்றார். அந்தத் தம்பி மேல் தப்பில்லை. அவர் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பார். சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் நாங்கள்தானே.

அதே ஸ்டேஷனில் ஒரு பெயர்ப் பலகை பளபளவென்று இருந்தது. இதுவரை அங்கே பணியாற்றிய இன்ஸ்பெக்டர்களின் பெயர்களும், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பதும். ஆறு மாதம் இருந்துவிட்டு மாறுதலில் போனவர் பெயரும் அதில் உண்டு. நான் கேட்பது இவ்வளவுதான்: அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே இன்னொரு பலகை. இந்த ஸ்டேஷனில் வேலை பார்த்தபோது இறந்தவர்கள், தேதி, இடம், என்ன வேலையில் இருந்தார் என்று ஒரு வரி. புகார் கொடுக்க வருகிறவர் காத்திருக்கும் நேரத்தில் அதைப் படிக்கட்டும். புதிதாக வந்து சேரும் காவலருக்கு முதல் நாள் அதைக் காட்டட்டும். இதற்குப் பெரிய செலவு கிடையாது. எழுதும்போது லாரி மோதி இறந்தவரையும், கொரோனா காலத்தில் பணி பார்த்து இறந்தவர்களையும் விட்டுவிடக் கூடாது. சென்னை மாம்பலம் இன்ஸ்பெக்டர் பாலமுரளி 2020 ஜூனில் அப்படித்தான் போனார்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வில்சன், பூமிநாதன் குடும்பங்களுக்குத் தலா 1 கோடி ரூபாய் அரசு அறிவித்தது. நல்லது, தேவைதான். ஆனால் அந்த வீட்டுப் பெண்களிடம் பேசிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். லாரி மோதி இறந்த என் நண்பரின் மனைவி ஒருமுறை என்னிடம், "அண்ணே, அவரு நினைவு நாளுக்கு ஸ்டேஷன்ல இருந்து யாராச்சும் ஒருத்தர் வந்தா போதும்" என்றார். முதல் இரண்டு வருடம் போனோம். அப்புறம் ஆளுக்கொரு பக்கம் மாறுதலாகிவிட்டோம்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த முறை அக்டோபர் 21க்கு முன் இரண்டு வாரம், உங்கள் மாவட்டப் பக்கத்தில் தினம் ஒரு காவலரைப் பற்றி எழுதுங்கள். எந்த ஸ்டேஷன், எந்த இரவு, எதற்காகப் போனார். மலர் வளையப் படத்தை விட அது அந்தக் குடும்பத்தின் கையில் அதிக நாள் இருக்கும். உங்கள் நிருபர்களுக்குப் பழைய ஆட்களைத் தேடிப் பிடிக்க உதவி வேண்டுமென்றால் நான் கூடவே வருகிறேன். ஓய்வு பெற்றவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

என் நண்பரின் படமும் ஒன்று என்னிடம் இருக்கிறது. காவலர் விளையாட்டுப் போட்டியில் எங்கள் கபடிக் குழு நின்று எடுத்தது. இடது ஓரத்தில் நிற்பவர் அவர். பலகை வைப்பதாக இருந்தால் பெரிதாக்கிக் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர்